மலை ஏறினால் வலிக்கிறதா?

கடந்த மாதம் ஒரு ஞாயிறு அதிகாலை தொலைபேசி ஒலித்தது. கனடாவிலிருந்து பேசியவர் ஹட்டனில் நான் படித்த பாடசாலையிலேயே எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ரொறன்ரோவில் குடும்பத்துடன் வாழ்கிறார். சுகம் விசாரித்து முடிந்ததும் நேரடியாக விடயத்துக்கு வந்தார்.

"அண்ணே, அப்பாவுக்குக் கால் நரம்புல அடைப்பு இருக்கலாம்னு சொல்றாங்க. ஸ்கேன் நாலஞ்சு வகை இருக்காம். எதை எடுத்தா நல்லது? காசப்பத்தி யோசிக்க வேணாம், நான் அனுப்புறேன்."

நான் மருத்துவன் அல்லன். பேராதனையில் கலைப் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் பிழைப்பவன். ஆயினும் ஊர்க்காரர் ஒருவர் கேட்டால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட முடிவதில்லை. விசாரித்துச் சொல்வதாக வாக்களித்தேன். அதற்காகத் தேடிப் படித்ததும், எனக்குத் தெரிந்த இரு வைத்தியர்களிடம் கேட்டறிந்ததும்தான் இந்தக் கட்டுரை. எந்தப் படம் சிறந்தது என்ற கேள்வியுடன்தான் ஆரம்பித்தேன். முடிவில் அதற்கு முந்திய வேறொரு கேள்வியில் வந்து நின்றேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களை இலங்கைப் பாடநூல்கள் நாடி என்கின்றன. தமிழகத்தில் தமனி என்பார்கள். தோட்டத்துப் பேச்சில் எல்லாமே நரம்புதான். கால் நாடிகளின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி ஒடுங்குவதே நாம் பேசும் நோய். புகைத்தல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் ஆகியவை முக்கிய காரணங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒடுங்கிய குழாயில் வரும் இரத்தமே தசைக்குப் போதும். நடக்கத் தொடங்கினால் தசை பன்மடங்கு இரத்தம் கேட்கும், அது வராது. கெண்டைக்காலில் பிடித்து இழுப்பதுபோல் வலிக்கும். நின்றால் சில நிமிடங்களில் வலி விட்டுவிடும். மீண்டும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மீண்டும் பிடிக்கும். நடந்தால் வலி, நின்றால் சுகம் என்பதே இந்நோயின் கையொப்பம்.

இந்தக் கையொப்பத்தை மருத்துவ உலகம் முதலில் வாசித்தது ஒரு குதிரையின் காலில். 1831ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் பூலே, வண்டியிழுத்த குதிரையொன்று சிறிது தூரம் ஓடியதும் நொண்டுவதையும், ஓய்வுக்குப் பின் மீண்டும் நன்றாக நடப்பதையும் பதிவு செய்தார். அதன் பின்னங்கால் நாடி அடைபட்டிருந்தது. 1858இல் பாரிஸ் மருத்துவர் சார்கோ அதே நிலையை மனிதரில் விபரித்தார். விட்டுவிட்டு நொண்டுதல் என்ற பொருளில் அமைந்த மருத்துவப் பெயர் இன்றும் நிலைக்கிறது. ஜேர்மானியர் இதற்கு வேடிக்கையான ஒரு பெயர் வைத்தார்கள்: கடைக்கண்ணாடி நோய். நகரத் தெருவில் நடப்பவர் கால் வலித்ததும், வலியைக் காட்டிக்கொள்ளாமல், கடைக் கண்ணாடியில் இருக்கும் பொருட்களைப் பார்ப்பவர்போல் நின்றுவிடுவாராம்.

1962இல் லண்டனைச் சேர்ந்த ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவர், ஊர் ஊராகச் சென்று இந்நோயைக் கண்டறிவதற்கான வினாக்கொத்து ஒன்றை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார். கருவி எதுவும் வேண்டாம், கேள்விகள் மட்டும். நடக்கும்போது காலில் வலி வருகிறதா, நின்றால் போகிறதா என்று செல்லும் அந்த வரிசையில் ஒரு கேள்வி என்னை நிறுத்தியது. மலை ஏறும்போதோ விரைந்து நடக்கும்போதோ வலிக்கிறதா? 1992இல் எடின்பரோவில் இவ்வினாக்கொத்தைத் திருத்தியமைத்தவர்களும் அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை.

உலகின் மற்றைய ஊர்களில் இது ஒரு சோதனைக் கேள்வி. நுவரெலியா மாவட்டத்தில் இதுவே வாழ்க்கை. கடல் மட்டத்திலிருந்து ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு ஏற்றம். அங்கிருந்து மலைக்கு ஏற்றம். கூடையோடு கொழுந்து மடுவத்துக்கு இறக்கமும் ஏற்றமும். பாடசாலை, கோயில், கடை எல்லாமே மேட்டிலோ பள்ளத்திலோதான். ஆகவே ஒருவருக்கு நாடி ஒடுங்கத் தொடங்கினால் இங்கேதான் அது முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றும். நடப்பது அதுவன்று. கொழுந்து பறிக்கும் பெண் ஒரு செடியில் நின்று பறித்துவிட்டு அடுத்த செடிக்கு இரண்டடி வைக்கிறாள். நகரத்துக்காரனுக்குக் கடைக்கண்ணாடி என்றால் இவளுக்குத் தேயிலைச் செடி. வேலையே அவளை நிறுத்தி நிறுத்தி நடக்க வைப்பதால் வலி மறைந்துவிடுகிறது. ஏறும்போது வலித்தாலும், மலை என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எல்லோரும் என்றதில் நானும் அடக்கம். 1990களின் முற்பகுதியில், பல்கலைக்கழக விடுமுறைக்கு லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா கவ்வாத்து வெட்டுபவர். பீடி விடாதவர். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் பாதையில் ஒரு பாறை உண்டு. அதனடியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே, "ஏறுனா பிடிக்குதுப்பா, உட்கார்ந்தா விட்டுடுது" என்றார். வயதாகிவிட்டது என்றேன். பெரியம்மா, மனுசனுக்குச் சோம்பல் என்றார். கங்காணி, வேலைக்குக் கள்ளம் என்றார். தோட்டத்து டிஸ்பென்சரியில் தேய்ப்பதற்கு எண்ணெய் கொடுத்தார்கள். ஈராண்டுகள் கழித்துப் பெருவிரல் கறுத்தது. தோட்டத்து லொறியில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரி சென்றடைந்தபோது முழங்காலுக்கு மேல் எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதன் பின்னர் நான்கு ஆண்டுகள் காம்பறா வாசற்படியில் உட்கார்ந்தே இருந்தார். அவர் என்னிடம் சொன்ன அந்த வாக்கியம் சார்கோ எழுதியதன் சாரம் என்பதை அறிய எனக்கு முப்பது ஆண்டுகள் சென்றன.

தோட்டத்து மக்களின் கால்களுக்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கியவர்கள் காட்டு வழியாக நாட்கணக்கில் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் மடிந்தவர்கள் பலர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டதும், அதன்பின் மலைகள் யாவும் தேயிலைக்கு மாறியதும் தெரிந்த கதை. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கும் வழி அவ்வாறு திறந்தது. பெட்டிகளை நிரப்பியவர்கள் தோட்ட எல்லைக்குள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

வைத்தியமும் அந்த எல்லைக்குள்தான் ஏற்பாடாயிற்று. 1872இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டம், தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்கும் பொறுப்பை முதன்முறையாகச் சட்டமாக்கியது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. மாவட்ட ஆஸ்பத்திரிகளும் தோட்டத்து டிஸ்பென்சரிகளும் இவ்வழியில் தோன்றின. அங்கு இருந்தவர் பெரும்பாலும் முழுமையான வைத்தியர் அல்லர்; மருந்து கலக்கிக் கொடுப்பவர். 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையில் ஆரம்பமானது. தோட்டங்களே அதன் முக்கிய களம். மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியே நுழையும் புழு அது. தோட்டத்து மக்களுக்காக நடந்த முதற்பெரும் சுகாதார இயக்கம் அவர்களின் பாதத்திலிருந்துதான் தொடங்கியது என்று சொல்லலாம். ஆனால் அதன் நோக்கம் தொற்றுநோய். வேலைக்கு ஆள் குறையக்கூடாது என்பதற்காக அமைந்த வைத்தியம் காய்ச்சலையும் புழுவையும் புண்ணையும் அறிந்திருந்தது. முதுமையில் மெல்ல வரும் நாடி நோயை அறிந்திருக்கவில்லை. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. 1990களிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகள் படிப்படியாகச் சுகாதார அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டன. அந்த வேலை இன்னமும் முழுமையாக முடியவில்லை.

இதே காலத்தில் மேற்குலகில் கால் நாடியைக் கண்ணால் காண்பதற்கு ஒரு நீண்ட முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1895 நவம்பர் 8ஆம் திகதி றொன்ட்ஜென் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். எலும்பு தெரிந்தது, இரத்தக் குழாய் தெரியவில்லை. குழாய்க்குள் நிழல் விழுத்தும் ஏதாவதொன்றைச் செலுத்தினால் தெரியும் என்பதை அடுத்த மாதங்களிலேயே கண்டுகொண்டார்கள். 1896 ஜனவரியில் வியன்னாவில் ஹஷெக், லிண்டன்தால் என்ற இருவர், இறந்த ஒருவரின் கையில் சுண்ணாம்பு கலந்த குழம்பைச் செலுத்திப் படமெடுத்தார்கள். மரக்கிளைபோல் நாடிகள் தெரிந்தன. உயிருள்ளவருக்கு அந்தக் குழம்பைச் செலுத்த முடியாது.

உயிருள்ளவரின் உடல் தாங்கும் திரவத்தைத் தேடுவதில் கால் நூற்றாண்டு கழிந்தது. 1923இல் ஜேர்மனியில் பெர்பெரிக், ஹிர்ஷ் ஆகியோர் ஸ்ட்ரொன்சியம் புரோமைட்டையும், 1924இல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸில் பார்னி புரூக்ஸ் சோடியம் அயடைட்டையும் பயன்படுத்தினார்கள். புரூக்ஸ் எடுத்தது கால் நாடிகளின் படம். நம் கதையின் நேர் முன்னோடி அவரே. 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளை நாடிகளைப் படமெடுத்தார். 1929இல் அதே நகரில் ரெய்னால்டோ டொஸ் சாண்டோஸ், நீண்ட ஊசியை முதுகுப்புறமாகச் செலுத்தி வயிற்றுப் பெருநாடியையே படமாக்கினார். இந்தப் பாதையில் ஒரு பெருந்தவறும் நேர்ந்தது. 1930களில் தொரோட்ராஸ்ட் என்ற தோரியம் கலந்த திரவம் பரவலாயிற்று. படம் துல்லியமாக விழுந்தது; நோயாளிக்கு வலியும் இல்லை. ஆனால் அது உடலை விட்டு வெளியேறாத கதிரியக்கப் பொருள். பல்லாண்டுகளின் பின் ஈரல் புற்றுநோயாக அதன் விலை வெளிப்பட்டது. படத்தின் அழகை மட்டும் பார்த்து முறையைத் தெரிவு செய்யக்கூடாது என்ற பாடத்தை மருத்துவம் அப்போது கற்றது.

1953இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் ஓர் எளிய உபாயத்தைக் கண்டார். ஊசியால் நாடியைத் துளைத்து, அதற்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேல் மென்குழாயை வழுக்கிச் செலுத்தும் முறை அது. இன்றைய ஆஞ்சியோகிராம் அதன் வழிவந்ததே. 1964 ஜனவரி 16ஆம் திகதி அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்ல்ஸ் டொட்டர் அந்தக் குழாயைக் கொண்டே வைத்தியமும் செய்யலாம் என்று காட்டினார். அவரது நோயாளி 82 வயதான மூதாட்டி. கால்விரல் அழுகி, காலை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட நிலையில் அவர் மறுத்துவிட்டிருந்தார். தொடை நாடியின் ஒடுங்கிய இடத்தை டொட்டர் உள்ளிருந்தே விரித்தார். மூதாட்டி அதன் பின்னர் தன் சொந்தக் கால்களால் நடந்தார். பத்தாண்டு கழித்து சூரிச்சில் குரூண்ட்சிக் இதே வேலைக்குப் பலூனைப் பயன்படுத்தினார். இதைப் படித்தபோது பெரியப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் லொறியில் ஏற்றப்பட்டது டொட்டரின் நாளுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்.

எக்ஸ்ரே வழி இவ்வாறு செல்ல, இன்னொரு வழி ஒலியிலிருந்து வந்தது. ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதை ஹட்டன் ரயில் நிலையத்தில் நின்ற எவரும் அறிவர். அசையும் பொருளிலிருந்து வரும் அலை மாறும் என்ற விதியை 1842இல் சொன்னவர் கிறிஸ்டியன் டொப்ளர். 1950களில் ஜப்பானின் சத்தோமுரா அதை மனித உடலுக்குள் பிரயோகித்தார். காதுக்குக் கேட்காத ஒலியை உடலுக்குள் அனுப்பினால், ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலி இரத்தத்தின் வேகத்தைச் சொல்லும். ஒடுங்கிய இடத்தில் இரத்தம் விரைந்து ஓடும். குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிடுவதைப்போல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்ட்ராண்ட்னெஸ்ஸும் சகாக்களும் 1970களில் இந்த ஒலியையும் அல்ட்ராசவுண்ட் படத்தையும் ஒரே கருவியில் இணைத்தார்கள். அதுவே டூப்ளெக்ஸ் ஸ்கேன். ஊசியில்லை, கதிரில்லை, சாய மருந்தில்லை.

1971 அக்டோபர் 1ஆம் திகதி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவியில் லண்டனில் முதல் நோயாளி படம் எடுக்கப்பட்டார். ஆனால் இடுப்பிலிருந்து பாதம் வரை நீண்ட நாடியை ஒரே ஓட்டத்தில் படமெடுக்கும் வேகம், 1998 அளவில் பல அடுக்குக் கருவிகள் வந்த பின்னரே கிடைத்தது. காந்தப் புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர். முறையின் அடிப்படையை லோட்டர்பர் 1973இல் வெளியிட்டார். 1990களில் கடோலினியம் என்ற மருந்தை ஊசியால் ஏற்றி நாடிகளைத் துலக்கமாகப் பார்க்கும் முறையை மார்ட்டின் பிரின்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் முன்னெடுத்தார். ஆபத்தற்றது என்று கருதப்பட்ட கடோலினியம், சிறுநீரகம் பெரிதும் பழுதுபட்டவர்களுக்குத் தோலை இறுக்கும் கடும் நோயைத் தரக்கூடும் என்பது 2006இல் தெரியவந்தது. பின்னர் மருந்தின் வகைகளும் விதிகளும் திருத்தப்பட்டன.

ஆக, நண்பர் கேட்ட 'நாலஞ்சு வகை' என்பது மிகையன்று. குழாய் செலுத்தி எடுக்கும் பழைய ஆஞ்சியோகிராம், டூப்ளெக்ஸ், சி.டி. ஆஞ்சியோகிராம், எம்.ஆர். ஆஞ்சியோகிராம் என்று நான்கு. இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்வியைப் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை முறைப்படி ஆராயச் செய்தது. அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிய தொகுப்பு 2007இல் வெளியாயிற்று. பழைய ஆஞ்சியோகிராமை உரைகல்லாக வைத்து மற்ற மூன்றையும் உரசிப் பார்த்தார்கள். நடுமதிப்புகளை எளிமையாகச் சொன்னால் இப்படி: உண்மையில் பாதிக்கு மேல் ஒடுங்கிய 100 இடங்களில், மருந்தூசியுடன் எடுத்த எம்.ஆர். 95ஐயும், சி.டி. 91ஐயும், டூப்ளெக்ஸ் 88ஐயும் கண்டுபிடித்தன. அவ்வாறு ஒடுங்காத 100 இடங்களை 'ஒடுக்கமில்லை' என்று சரியாகச் சொன்னதில் எம்.ஆர். 97, சி.டி. 91, டூப்ளெக்ஸ் 96.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் எம்.ஆர். முதலாவது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. எம்.ஆர். குகைக்குள் நீண்ட நேரம் அசையாமல் படுக்க வேண்டும். சில வகை இதயமுடுக்கிகள் உள்ளவர்களுக்கு ஆகாது. உள்ள ஒடுக்கத்தைச் சில வேளைகளில் மிகைப்படுத்திக் காட்டும். சி.டி. சில நிமிடங்களில் முடியும். ஆனால் கதிர் உண்டு. அயடின் சாயம் பலவீனமான சிறுநீரகத்துக்குச் சுமை. நீரிழிவுக்காரரின் நாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதன் பளபளப்பு உள்வழியை மறைத்துவிடும். டூப்ளெக்ஸ் பாதுகாப்பானது, மலிவானது, கருவியைத் தள்ளிக்கொண்டே கட்டிலருகில் போகலாம். ஆனால் பிடித்துப் பார்க்கும் கையின் பயிற்சியைப் பொறுத்தது. வயிற்றுக்குள் இருக்கும் நாடிகளைக் குடல் வாயு மறைக்கலாம். பழைய ஆஞ்சியோகிராம் இன்றும் உண்டு. ஆனால் படம் பார்ப்பதற்காக மட்டுமன்றி, பார்த்த கையோடு அடைப்பை விரிப்பதற்காகவே பெரும்பாலும் செய்யப்படுகிறது. 2012இல் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி இவற்றை ஒரு வரிசையில் வைத்தது: அடைப்பை நீக்கும் சிகிச்சையை எண்ணும்போது முதலில் டூப்ளெக்ஸ், அதற்கு மேலும் தெளிவு வேண்டுமானால் எம்.ஆர்.; அது ஒத்துவராதவருக்கு சி.டி. மிகத் துல்லியமான முறை வரிசையின் முதலில் வைக்கப்படவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குறைந்த தீங்குடன் முதற்பதிலைத் தருவதே முதலிடம் பெற்றது.

இங்கேதான் என் கேள்வி மாறியது. இந்த நான்குக்கும் முன்னால் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அது படமே அன்று. வைத்தியரின் விரல்கள். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடி துடிப்பதை விரலால் உணரலாம். நாடி பார்த்தல் என்ற நம் பழஞ்சொல் காலுக்கும் பொருந்தும். அடுத்தது, உள்ளங்கையில் அடங்கும் சிறிய டொப்ளர் கருவியும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையும். கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு அண்மித்தால் நலம், 0.9க்கு மேற்படாவிட்டால் நாடி ஒடுங்கியிருக்கிறது. 1950இல் வின்சர் என்பவர் வழங்கிய கணக்கு இது. நீரிழிவால் நாடிச் சுவர் கல்லாகிவிட்டவர்களிடம் மட்டும் எண் பொய்யாக உயரும் என்பதை மனதில் வைத்தால் போதும். கம்பஹா மாவட்டத்தில் 40 முதல் 74 வயது வரையானோரிடம் இக்கருவியைக் கொண்டே நடத்தி 2016இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 3.6 பேருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டது. மலையகத்தின் பெரிய பிள்ளைக்காம்பறா ஒன்றிலோ கோயில் மண்டபத்திலோ வைத்துச் செய்யக்கூடிய சோதனைதான் அது.

அதற்கும் முன்னால் இருப்பது வாக்கியம். நடந்தால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது என்று நோயாளி சொல்ல வேண்டும். கேட்பவருக்கு அது விளங்க வேண்டும். மலையக ஆஸ்பத்திரிகளில் நோயாளி தமிழிலும் வைத்தியர் சிங்களத்திலும் பேசும் நிலை புதிதன்று. காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம். புண்ணைக் கண்ணால் பார்க்கலாம். இந்த நோய்க்கு முதல் ஆதாரமே பேச்சுத்தான். 'கால் வலி' என்ற இரு சொல் மட்டும் மொழி கடந்து போய்ச் சேர்ந்தால் எண்ணெயும் வலி மாத்திரையுமே திரும்பி வரும். எந்தத் தூரத்தில், ஏற்றத்திலா சமதரையிலா, நின்றால் எவ்வளவு நேரத்தில் விடும் என்பவை வழியில் உதிர்ந்துவிடுகின்றன. அத்தனை நுட்பமான கருவிகளும் உதிர்ந்துபோன அந்த வாக்கியத்துக்குப் பின்னால்தான் காத்து நிற்கின்றன.

நிலைமை மாறாமல் இருக்கிறது என்று சொன்னால் அது நேர்மையாகாது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில் ஆஸ்பத்திரியை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. லொறிக்குக் காத்திருக்கும் காலம் பல இடங்களில் குறைந்திருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆயினும் பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ ஒருவரை ஸ்கேனுக்குக் கூட்டிப் போவதென்றால் ஒரு நாள் முழுவதும் வேண்டும். கூடப் போகும் மகளுக்கு அன்றைய பேர் இல்லை. காலோ காத்திருப்பதில்லை. ஓய்விலும் வலிக்கத் தொடங்கிவிட்டால், விரலில் ஆறாத புண் வந்துவிட்டால், கணக்கு நாட்களில்தான்.

நண்பருக்குத் திரும்பத் தொலைபேசியில் சொன்னேன். எந்த ஸ்கேன் என்பதைப் பிறகு பார்க்கலாம். அப்பாவுடன் தமிழும் சிங்களமும் நன்கு பேசும் ஒருவர் போகட்டும், எந்த இடத்தில் வலிக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லட்டும் என்றேன். அவருடைய தங்கை போனார். வைத்தியர் முதலில் கேட்டது, எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கிறது என்பதையே. பெரியவருக்கு மீற்றர் தெரியாது. "மடுவத்துலருந்து கிளம்புனா கோயில் படி வரைக்கும் போகலாம் ஐயா, படியில நின்னுடுவேன்" என்றாராம். மகள் அதைச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். வைத்தியர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், அழுத்தத்தை அளந்தார், டூப்ளெக்ஸுக்கு எழுதிக் கொடுத்தார். இடது தொடை நாடியில் ஓரிடத்தில் அடைப்பு. பக்கத்துச் சிறு நாடிகள் வழியே இரத்தம் போகிறது. இப்போதைக்கு வெட்டவோ விரிக்கவோ தேவையில்லை. எம்.ஆரும் தேவைப்படவில்லை. மாத்திரைகள் எழுதிக் கொடுத்து, புகைப்பதை இன்றே விடச் சொன்னார். கூடவே, தினமும் வலிக்கும் வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மீண்டும் நடக்கும்படி சொல்லியிருக்கிறார். அப்படி நடந்தால் வலியில்லாத தூரம் கூடும் என்பது 1966இல் டென்மார்க்கில் செய்த ஒப்பீட்டு ஆய்விலேயே நிறுவப்பட்ட வைத்தியம்.

கனடாவிலிருந்து வந்த பணம் செலவாகாமல் இருக்கிறது. அதில் அப்பாவுக்கு நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கொடுக்கும்படி நண்பர் சொல்லியிருக்கிறார். நேற்றுத் தங்கை தொலைபேசியில் பேசினார். அப்பா இப்போது கோயில் படியில் நிற்காமல் நான்கு படி ஏறிவிட்டுத்தான் நிற்கிறாராம்.